வசனம் எடுத்துக் கொடுப்பவள்

சாட்சிக் கூண்டில் நின்ற பெரியவர் பேச்சை நிறுத்தி மூன்று நொடிகூட ஆகியிருக்காது. "வாசல்ல வந்து நின்னான். தண்ணி கேட்டான்," என்றவர், கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அடுத்து என்ன சொல்வது என்று தேடிக்கொண்டிருந்தார். நீதிபதி குனிந்து ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். வக்கீல் கோப்புக்குள் ஒரு தாளைத் துழாவிக்கொண்டிருந்தார். கூண்டுக்கு இரண்டடி தள்ளி, கணினிக்கு முன்னால் உட்கார்ந்து வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தவள், தன்னை அறியாமல், உதடு அசையாத குரலில் "கொடுத்தேன்" என்றாள். பெரியவர் காதில் வாங்கவில்லை. "கொடுத்தேன்" என்றாள் மறுபடி. பிறகு முழுசாக: "கொடுத்தேன். உள்ளே வா என்று சொல்லவில்லை."

"குடுத்தேங்க," என்றார் பெரியவர். "உள்ள வான்னு சொல்லல."

அவளுடைய விரல்கள் அதையும் தட்டின. முற்றுப்புள்ளி வைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று புரிந்தது. நல்லவேளை, யாரும் கவனிக்கவில்லை. வக்கீலுக்குத் தாள் கிடைத்துவிட்டது, வழக்கு அதன்பாட்டுக்கு நகர்ந்தது. சாட்சிக்குப் பதிலை எடுத்துக் கொடுத்த தட்டச்சர் என்று வெளியே தெரிந்தால் வேலை போகும், மானமும் சேர்ந்து போகும்.

இருபத்திரண்டு வருடப் பழக்கம் அது. பகலில் நீதிமன்றம் என்றால், வருடத்தில் மூன்று மாதம் சாயங்காலங்களில் அவளுக்கு ஒரு நாடகக் குழு. நடிக்க அல்ல. மேடையின் பக்கத்திரைக்குப் பின்னால் ஒரு முக்காலி, ஒரு சின்ன டார்ச் விளக்கு, மடியில் நாடகப் பிரதி. நடிகர்கள் மறந்தால் வசனம் எடுத்துக் கொடுப்பதுதான் அவள் வேலை. நடிப்புக்காக விடும் இடைவெளி எது, மறந்துபோய்த் திணறும் இடைவெளி எது என்று மூச்சை வைத்தே சொல்லிவிடுவாள். முதல் தடவை முதல் சொல்லை மட்டும் கொடுப்பாள். வாங்கவில்லையென்றால் இன்னொரு தடவை கொடுப்பாள். மூன்றாவது தடவை முழு வசனத்தையும் கொடுத்துவிடுவாள். மூன்றாவது தடவையும் வாங்காத நடிகன் இன்னும் பிறக்கவில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. எதிரொலி பின்னால் வரும், இந்த அம்மா முன்னால் வருகிறாள் என்று சொல்லி, குழுவில் அவளுக்கு முன்னொலி என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

குழு வருடா வருடம் போடுவது ஒரே நாடகம். முந்நூறு வருடப் பழசு. எழுதியவர் யாரென்று தெரியாது, ஏட்டின் கடைசிப் பக்கத்தைக் கறையான் தின்றுவிட்டது. கதை பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டை விட்டுப் போன அண்ணன் பல வருடம் கழித்துத் திரும்பி வந்து தங்கையின் வாசலில் நின்று தண்ணீர் கேட்பான். அவள் அவனைத் தெரிந்துகொண்டே தெரியாதது போலத் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, "என் அண்ணன் இறந்து வெகுநாளாயிற்று" என்பாள். அவன் குடித்துவிட்டு, "தண்ணீர் நன்றாயிருக்கிறது" என்று மட்டும் சொல்லிப் போவான். மறுநாள் காலையில் அவன் கிணற்றில் கிடப்பான். அவ்வளவுதான். ஆனால் அந்த வாசல் காட்சியில் அரங்கத்தில் ஒருவர்கூட இருமுவதில்லை.

அவளுக்கும் ஓர் அண்ணன் இருந்தான். இருக்கிறான் என்றுதான் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு, அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, இந்த வாரம் நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய்த் தூங்கு என்றவன், இரண்டாம் நாளே சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டான். வீட்டில் ஆள் இல்லாத அந்தப் பகலில் அம்மா போய்விட்டாள். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அண்ணன் செத்துவிட்டான் என்றே அவள் சொன்னாள். முதலில் வயிற்றெரிச்சலில் சொன்னாள், பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. அலுவலகத்தில் துக்கம் விசாரித்தார்கள், அதற்காக ஒரு நாள் விடுப்புகூட எடுத்தாள். சின்ன வயதில் இரண்டு பேரும் வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு, யார் முதலில் விழுங்குகிறார்கள் என்று பந்தயம் கட்டுவார்கள். அவன் முகத்தைக் கோணிக்கொண்டு அவளைச் சிரிக்க வைத்தே ஜெயிப்பான். செத்துப்போனவர்களைப் பற்றி நினைப்பது போல அதை அவள் எப்போதாவது நினைத்துக்கொள்வாள்.

மதிய இடைவேளையில் நடைபாதை பெஞ்சில் அந்தப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு கடக்கப் பார்த்தாள்.

"அம்மா, நான் சொல்ல வந்தது அது இல்ல," என்றார் அவர். குரலில் கோபமே இல்லை. "அவன உள்ள கூப்பிட்டேன்னுதான் சொல்ல வந்தேன். ஆனா நீங்க சொன்ன பிறகு, அதுதான் நடந்த மாதிரி இருக்கு. இப்ப எவ்வளவு யோசிச்சாலும் கூப்பிட்டது ஞாபகத்துலயே வரமாட்டேங்குது."

சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. தான் எடுத்துக் கொடுத்தது இரண்டாம் பாதியை. முதல் பாதியை அவராகவேதான் சொன்னார். வாசல்ல வந்து நின்னான், தண்ணி கேட்டான். பழைய நாடகத்தில் அது செந்தமிழில் இருக்கும், இவர் பேச்சுத் தமிழில் சொன்னார், அவ்வளவுதான் வித்தியாசம். மூன்றாம் அங்கத்தில் ஒரு கிழவர் தன் பழைய கதையாகச் சொல்லும் வசனம் அது. அப்படியென்றால் போன வாரம் பேருந்தில் நடத்துனர் தலைகளை எண்ணிவிட்டு, "எண்ணிப் பாத்தா ஒரு ஆள் குறையுதே," என்றாரே, அது முதல் அங்கம். திங்கட்கிழமை பக்கத்து வீட்டு அம்மாள் தொலைபேசியை வைத்துவிட்டு, "குரல்தான் வருது, ஆளு வரமாட்டேங்குறான்," என்று தன் மகனைப் பற்றிப் புலம்பியது இரண்டாம் அங்கம். ஊரில் ஆயிரம் பேர் ஆயிரம் பேசுகிறார்கள், இதிலென்ன இருக்கிறது என்று மனத்தைத் தேற்றிப் பார்த்தாள். ஆனால் வரிசை தப்பவில்லை. யாரோ ஒருவர் மடியில் பிரதியை வைத்துக்கொண்டு, ஊர் முழுக்க ஆள் ஆளாய்ப் பார்த்து எடுத்துக் கொடுப்பது போல இருந்தது. அடுத்தது நான்காம் அங்கம். அதாவது, வாசல்.

அன்று சாயங்கால ஒத்திகைக்கு ஒரு பத்திரிகைப் பெண் வந்திருந்தாள். இத்தனை பழைய நாடகம் இன்றைக்கும் எதற்கு என்று கேட்டாள். குழுவின் இயக்குநர், தபால் அலுவலகத்தில் ஓய்வுபெற்ற மனிதர், இந்தக் கேள்விக்காகவே வருடம் முழுக்கக் காத்திருப்பவர். மனித மனம் மாறவில்லை, உறவுகள் மாறவில்லை என்று அரைமணி நேரம் பொழிந்து தள்ளினார். அந்தப் பெண் மரியாதைக்காக முக்காலிப் பக்கமும் திரும்பி, நீங்க என்னம்மா நினைக்கிறீங்க என்றாள்.

"நாம போடலன்னாலும் அது நடந்துக்கிட்டுதான் இருக்கும்," என்றாள் அவள். பத்திரிகைப் பெண் சிரித்தபடி எழுதிக்கொண்டாள்.

எல்லோரும் போன பிறகு இயக்குநரிடம், வாசலில் தங்கை பேசும் "என் அண்ணன் இறந்து வெகுநாளாயிற்று" என்ற வசனத்தை இந்த வருடம் மட்டும் மாற்ற முடியுமா என்று கேட்டுப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு வருடம் தங்கையாக நடித்தவள் அழுகை முட்டி அந்த வசனத்தைப் பேசாமலே நின்றுவிட்டதாகவும், அது இவள் குழுவில் சேர்வதற்கு முந்தைய வருடம் என்றும் சொன்னார்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. உக்காந்து பாத்துக்கிட்டிருந்த சனமே எடுத்துக் குடுத்துச்சு. முழு அரங்கமும்."

வெள்ளிக்கிழமை நீதிமன்றத்துக்கு விடுமுறை. காலையிலேயே குடியிருப்பின் தரையடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஆட்கள் வந்துவிட்டார்கள். தொட்டி மாடிப்படியின் அடியில் இருந்தது. அதன் இரும்பு மூடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார்கள். குப்பை போட இறங்கியவளிடம் ஒருவர், "தண்ணி மூடாம கெடக்கு, பாத்து நடங்க," என்றார். நான்காம் அங்கத்தின் முதல் வசனம். அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே கறுப்பாக, அசையாமல், ஆள் மட்டத்துக்குமேல் தண்ணீர் கிடந்தது. சாயங்காலம்தான் இறைப்போம் என்றார்கள்.

படியேறும்போது அவளுக்கு ஒரு யோசனை வந்தது. நாடகத்தில் தங்கைக்குக் கணவன் கிடையாது. ஆகவே கணவன் வீட்டில் இருந்தால் காட்சி நடக்காது. அவளுடைய வீட்டுக்காரர் தையல் இயந்திரம் பழுது பார்ப்பவர், வாயைத் திறந்தால் கேலிதான். இன்றைக்குக் கடைக்குப் போகாதீங்க என்று அவள் கெஞ்சியதும் அசந்துபோனார். இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக என்னை வீட்டில் இருக்கச் சொல்கிறாய், எதையாவது உடைத்துவிட்டாயா என்றார். இருந்தாலும் உட்கார்ந்தார். வெங்காயம் உரித்துக் கொடுத்தார். மதியம் மூன்று மணிக்குத் தொலைபேசி அடித்தது. கல்யாணத் துணி தைக்கிற இடத்தில் இயந்திரம் நின்றுவிட்டதாம். பத்தே நிமிஷம், காப்பியை ஆற விடாதே என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவர் காலடிச் சத்தம் கீழே அடங்கியதும் கதவு தட்டப்பட்டது. இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம், பிறகு ஒரு தட்டு. பக்கத்திரைக்குப் பின்னால் இருந்து அவள் இருபத்திரண்டு வருடம் கேட்ட அதே தட்டு.

திறக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் கை திறந்துவிட்டது. அண்ணன் நின்றான். தலை முக்கால்வாசி நரைத்து, சட்டை தோளில் தொங்கி, கையில் ஒரு துணிப் பையோடு நின்றான். அவளை நேராகப் பார்க்க முடியாமல் நிலைப்படியைப் பார்த்தான்.

"கொஞ்சம் தண்ணி குடும்மா," என்றான்.

சமையலறைக்குப் போய்ச் செம்பில் மொண்டுகொண்டு வந்தாள். நிலைப்படிக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன், நடுவில் செம்பு. அவளுக்குப் பயமாக இருந்தது. அவனைக் கண்டு அல்ல. அந்த வசனம் அவள் நாக்கிலேயே தயாராக இருந்தது, அதைச் சொல்ல அவளுக்கு ஆசையாகவும் இருந்தது. பன்னிரண்டு வருடமாக ஊரெல்லாம் சொன்னதை அவன் முகத்தைப் பார்த்து ஒரு தடவை சொல்லிவிட்டால் நெஞ்சு ஆறிவிடும் போலிருந்தது. ஆனால் சொன்னால் இவன் படியிறங்கிப் போவான், படிக்குக் கீழே மூடி இல்லை. வேறு எதையாவது சொல்ல வேண்டும். வா என்று சொல்லலாமா? அது முதல் அங்கத்தில் இருக்கிறது, அண்ணனைக் காவு கொடுக்கப் போகிற அதே தங்கைதான் அங்கே அதைச் சொல்கிறாள். ஏன் வந்தே? அது இரண்டாம் அங்கம். சாப்பிட்டியா, இளைச்சிட்டே, இத்தனை நாளா எங்க இருந்தே, எல்லாமே இருந்தது. எந்தச் சொல்லைத் தொட்டாலும் யாரோ ஏற்கெனவே பேசி முடித்து, அதற்கு அடுத்ததும் எழுதி வைத்திருந்தார்கள்.

அவள் பேசாமல் நின்றாள். அப்போது அவளுக்குப் பின்னாலிருந்து, யாரும் இல்லாத உள்ளறையிலிருந்து, உதடு அசையாத ஒரு குரல் தணிவாக வந்தது.

"என்."

நடிப்புக்கான இடைவெளி இல்லை இது, திணறல்தான் என்று அந்தக் குரலுக்குத் தெரிந்துவிட்டது. அவசரமே இல்லாமல் அது காத்திருந்தது. அவள் எப்போதும் காத்திருப்பாளே, அதே அளவு நேரம்.

"என்," என்றது மறுபடி.

அவள் வாய் திறந்துகொண்டது. தான் திறக்கவில்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. இனி ஒரே ஒரு தடவைதான் பாக்கி, மூன்றாவது தடவைக்கு வாங்காதவர்கள் யாருமில்லை. அவள் சட்டென்று செம்பைத் தன் வாயில் கவிழ்த்து, தண்ணீரைக் கன்னம் உப்ப நிரப்பிக்கொண்டாள். மிச்சம் மோவாய் வழியாக ரவிக்கையில் வழிந்தது. விழுங்கவில்லை. வெறும் செம்பைப் பிடித்துக்கொண்டு, மூக்கால் மூச்சு வாங்கியபடி, அண்ணனைப் பார்த்தாள்.

அவனுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு அவன் வாயோரம் லேசாகக் கோணியது, அந்தப் பழைய கோணல். அது சிரிப்பாவதற்குள் அவன் பார்வை அவள் தோளைத் தாண்டி வீட்டுக்குள் போய் நின்றது.

"உள்ள யாரும்மா பேசுறது?" என்றான்.

அவள் மனத்துக்குள் ஐந்து அங்கத்தையும் வேகவேகமாகப் புரட்டினாள். அந்தக் கேள்வி எங்கேயும் இல்லை. தண்ணீர் வாய்க்குள் கனத்தது, கண் கலங்கியது, இன்னும் கொஞ்சம்தான் தாங்கும். பின்னால், மூன்றாவது தடவைக்காக, உள்ளறையில் யாரோ மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. உப்பிய கன்னத்தோடு அவள் கதவை முழுவதும் திறந்து, சுவரோடு ஒட்டி நின்று, வழி விட்டாள்.