மூத்தவனைப் பார்க்க வந்தவர்கள்

விற்கப் போகிற வண்டியை யாராவது இத்தனை ஆசையாகக் குளிப்பாட்டுவார்களா? அவள் வீட்டுக்காரர் குளிப்பாட்டுவார். விடுமுறை நாள் காலையில், மற்றவர்கள் போர்வையை விட்டு வெளியே வராத நேரத்தில், அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், முழங்கால் வரை நனைந்த கால்சட்டையோடு அவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். சக்கரத்தின் இடுக்கைத் தேய்க்கப் பழைய டூத்பிரஷ் ஒன்று வைத்திருந்தார். தன் பல்லை அவர் அத்தனை நேரம் தேய்த்து அவள் பார்த்ததில்லை.

கப்பலில் இன்ஜினியர் அவர். பாதி வருஷம் கடல், பாதி வருஷம் வீடு. அந்த நீல நிற எஸ்யூவிக்கு 'மூத்தவன்' என்று பேர் வைத்திருந்தார். மகள் பிறந்து, நடந்து, எதிர்த்துப் பேசவும் கற்றுக்கொண்ட பிறகு வாங்கிய வண்டி எப்படி மூத்தவன் ஆகும் என்று கேட்டால், "மரியாதையில மூத்தவன்" என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரித்து வைப்பாள்.

சிரித்து வைக்க இன்னொரு கதையும் உண்டு. அவள் தங்கை புருஷன், இவருக்குச் சகலை, கணக்கு வாத்தியார். ஒரு முறை இவருடைய மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கிப் போய், மணலில் சறுக்கி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டார். வழியில் போன யாரோ போன் செய்து விஷயத்தைச் சொன்னதும் இவர் கேட்ட முதல் கேள்வி, "வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே?" குடும்பம் கூடுகிற இடத்தில் எல்லாம் இந்தக் கதை வந்துவிடும். வாத்தியாரே எழுந்து நடித்துக் காட்டுவார். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

இவரைக் கம்பெனி இனிமேல் கரையில் உட்கார வைத்து, வண்டியும் கொடுக்கப் போகிறது. தங்கைக்கோ இரட்டைக் குழந்தைகள். இருக்கிற சின்னக் காரில் இரண்டு குழந்தை இருக்கைகளை மாட்டினால் மூச்சுவிட இடமில்லை. மூத்தவன் வெளியே போகாமல் சொந்தத்துக்குள்ளேயே போகட்டும் என்று முடிவாகிவிட்டது. எல்லோருக்கும் சந்தோஷம். அவளுக்கு மட்டும் இல்லை.

காரணம் இதுதான். போன மழைக்காலத்தில், அவர் நடுக்கடலில் இருந்தபோது, மகளைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பும் வழியில் ஒரு நாய் குறுக்கே வந்தது. அவள் ஸ்டியரிங்கை ஒடித்தாள். வண்டி சாலை நடுவிலிருந்த கான்கிரீட் தடுப்பில் போய் முட்டியது. இரண்டு ஏர்பேக்கும் படாரென்று வெடித்து, வண்டிக்குள் வெள்ளைத் தூளும் கருகல் வாடையும் நிறைந்தது. நாய் பிழைத்தது. அவளும் பிழைத்தாள். அன்றிலிருந்து இன்றுவரை அவள் வீட்டுக்காரரிடம் மூச்சு விடவில்லை. தெரியாத ஒரு பட்டறையில் விட்டு, அவர் ஊருக்கு வருவதற்குள் பழைய மாதிரியே செய்து வாங்கிவிட்டாள். வீடியோ காலில் அவர் வந்தபோதெல்லாம் கழுத்து வரை துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு பேசினாள்.

வந்திறங்கிய அவரே ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. தலை தப்பியது என்று இருந்தாள். இப்போது வந்து சேர்ந்திருக்கிறான் அவள் தம்பி.

தம்பிக்கு வேலையே பழைய வண்டிகளைச் சோதிப்பதுதான். பழைய கார் வாங்கி விற்கும் ஒரு பெரிய நிறுவனத்தில் அவன் சரி என்றால்தான் வண்டி உள்ளே வரும். ஆபீஸில் வைத்த பட்டப்பெயர் 'பூதக்கண்ணாடி', வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. சொந்தத்துக்குள் எதற்குச் சோதனை என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "பார்க்கட்டுமே, நம்ம வண்டில என்ன குறை?" என்று நெஞ்சை நிமிர்த்தி அழைப்பு விடுத்தவர் வேறு யாருமில்லை, அவள் வீட்டுக்காரர்தான்.

தங்கையும் வாத்தியாரும் குழந்தைகளோடு வந்து சேர்ந்தார்கள். பூதக்கண்ணாடி வந்த காபியைக்கூடத் தொடாமல், கையடக்கமான ஒரு கருவியை எடுத்தான். தகட்டின் மேல் வைத்தால் பெயிண்ட் எத்தனை கனம் என்று காட்டும் கருவி. கூரையில் வைத்தான், கதவுகளில் வைத்தான். ஒவ்வொரு முறையும் அது 'பீப்' என்றது. அவளுக்கு ஒவ்வொரு முறையும் தூக்கிவாரிப் போட்டது.

பானெட்டில் வைத்தான். எண்ணைப் பார்த்தான். நகர்த்தி மறுபடியும் வைத்தான்.

"மாமா, இங்க பெயிண்ட் அடிச்சிருக்கே?"

"சான்ஸே இல்ல. கம்பெனி பெயிண்ட் மாப்ள அது."

"இல்ல மாமா. ரெண்டு மடங்கு காட்டுது."

அவர் முகம் மாறியது. அவள் முந்திக்கொண்டாள். "பாப்பா சைக்கிளை வச்சு உரசிட்டா. நீங்க கஷ்டப்படுவீங்கன்னு நான்தான் பெயிண்ட் அடிக்கச் சொன்னேன்." வாய் கூசாமல் வந்துவிட்டது. பெற்ற பிள்ளை மேலேயே பழியைப் போட்டுவிட்டோம் என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது.

சித்தியின் குழந்தைகளில் ஒன்றைத் தூக்கி வைத்திருந்த மகள் திருதிருவென விழித்தாள். "நானா?"

"வேற யாரு, நானா?" என்று அவர் பாய்ந்தார். "எத்தனை தடவை சொல்லியிருக்கேன், வண்டி பக்கத்துல சைக்கிளைக் கொண்டு வராதேன்னு? கண்ணு எங்க இருக்கு உனக்கு?" வாத்தியார் நடுவில் புகுந்து, "விடுங்கண்ணா, குழந்தைதானே" என்றார். அவர் விடவில்லை. மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். அவளோ மகள் கையிலிருந்த குழந்தையின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டாள்.

"பெயிண்ட்டெல்லாம் பெரிய விஷயமில்ல மாமா" என்று பூதக்கண்ணாடி சொன்னான். சொல்லும்போது அவரைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்தான்.

பிறகு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். சாவியைத் திருப்பினான், ஆனால் இன்ஜினைக் கிளப்பவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தான். சாவியை அணைத்தான். மறுபடியும் திருப்பி, மறுபடியும் சும்மா இருந்தான். இவன் என்ன செய்கிறான் என்று அவளுக்குப் புரியவில்லை. புரியாததால் இன்னும் பயமாக இருந்தது.

"மாமா, இன்னொரு சாவி இருக்குமே, அதைக் கொண்டு வர்றீங்களா? அதையும் பார்த்துடணும்" என்றான். அவர் லிஃப்டை நோக்கிப் போனார். தங்கையும் வாத்தியாரும் பின்கதவைத் திறந்து, குழந்தை வண்டி உள்ளே அடங்குமா என்று மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அக்கா, நீ இங்க வந்து உட்காரு." அவள் பக்கத்துச் சீட்டில் ஏறினாள். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"இதைப் பாரு. சாவி போட்டதும் எல்லா லைட்டும் எரியுதா? இந்த ஏர்பேக் லைட், எல்லாம் சரியா இருந்தா கொஞ்ச நேரத்துல தானா அணையணும். இந்த ஆயில் லைட்தான் இன்ஜின் ஸ்டார்ட் ஆகுற வரைக்கும் எரியும். இங்க ஏர்பேக் லைட் அணையவே மாட்டேங்குது." இன்ஜினைக் கிளப்பினான். இரண்டும் ஒன்றாக அணைந்தன. "பார்த்தியா? எவனோ ரெண்டையும் ஒண்ணாச் சேர்த்துக் கட்டியிருக்கான். நாம எல்லாரும் சாவி போட்ட உடனே ஸ்டார்ட் பண்ணிடுவோம், அதனால தெரியாது."

"லைட்டுலதானே தப்பு?"

"லைட்டைக் கட்டுறதே உள்ள ஒண்ணும் இல்லைன்னு மறைக்கத்தான்க்கா. வெடிச்ச பையைப் பிடுங்கி எறிஞ்சிட்டு மூடியை மட்டும் புதுசா மாட்டியிருக்கான். என் பக்கமும் காலி. நீ உட்கார்ந்திருக்கியே, அந்தப் பக்கமும் காலி."

பட்டறையில் அவள் சொன்ன வார்த்தை அவளுக்கே திரும்பக் கேட்டது. 'அந்த சிவப்பு லைட் மட்டும் எரியக் கூடாதுங்க. எங்க வீட்டுக்காரர் அதைத்தான் முதல்ல பார்ப்பார்.' பட்டறைக்காரன் தலையை ஆட்டி, 'எரியாதும்மா, நான் பொறுப்பு' என்றான். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான் பாவி. அவள் ஏர்பேக்கைக் கேட்கவில்லை. லைட் எரியக் கூடாது என்றுதான் கேட்டாள்.

"நான்தான்டா அப்படிச் செய்யச் சொன்னேன்" என்றாள். "உள்ள போட்டிருப்பான்னு நெனச்சேன்."

அவன் இன்ஜினை அணைத்தான். "மாமாவுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"பாப்பா எங்க உட்காருவா?"

"இங்கதான்" என்றாள். சொன்னதும் அந்தச் சீட்டில் அவளால் உட்கார முடியவில்லை. இத்தனை மாதமும் தினமும் இந்தக் காலிப் பெட்டிக்கு முன்னால் பிள்ளையை உட்கார வைத்து, பெல்ட் போட்டாயா என்று வேறு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் இன்ஜினைக் குறை சொல்லித் தங்கச்சியை இதுலேர்ந்து காப்பாத்திடுவேன். உன் பேரு வெளியே வராது. ஆனா வண்டி உன்கிட்டயேதான் நிக்கும். அதுக்கு நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்றான். லிஃப்ட் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. இருவரும் இறங்கினார்கள்.

"என்ன மாப்ள, பாஸா?" அவர் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு வந்தார்.

"வேண்டாம் மாமா."

"என்ன வேண்டாம்?"

"இன்ஜின்ல ஒரு சத்தம் இருக்கு. இவங்களுக்கு ஒத்து வராது."

"இன்ஜினா? என் கையாலே பார்த்துக்கற இன்ஜின்ல சத்தமா? கப்பல் இன்ஜின் ஓட்டுறவன்கிட்ட வந்து..." அவருக்கு முகம் சிவந்துவிட்டது. தங்கையின் முகத்தில் ஈயாடவில்லை. வாத்தியார், "அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க" என்று ஆரம்பித்தார். "நெனைக்க என்ன இருக்கு சகலை? பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லிட்டுப் போங்க. என் மூத்தவனுக்கு இல்லாத குறையைச் சொல்லாதீங்க. நான் விக்கவே போறதில்ல. பாப்பா, ஏறு. ஒரு ரவுண்டு போய்ட்டு வருவோம். இன்ஜின் எப்படி ஓடுதுன்னு எல்லாரும் நின்னு கேளுங்க."

திட்டிய அப்பா சமாதானமாகக் கூப்பிடுகிறார் என்றதும் மகள் குழந்தையைச் சித்தியிடம் கொடுத்துவிட்டு ஓடினாள். முன்சீட்டில் ஏறி, செருப்பை உதறிவிட்டு, எப்போதும்போல் இரண்டு காலையும் தூக்கி டேஷ்போர்டின் மேல் வைத்துக்கொண்டாள். அவர் இன்ஜினைக் கிளப்பினார். லைட்டுகள் அணைந்தன.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வண்டி ஒரு சுற்றுச் சுற்றி வரும், தங்கை கிளம்பிப் போவாள், இவர் ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார், அத்தோடு போயிற்று. பிறகு பட்டறையைத் தேடிப் போய் ரகசியமாக உள்ளே பையைப் போட்டுக்கொள்ளலாம். இதையெல்லாம் அவள் நினைக்கத்தான் செய்தாள். ஆனால் வண்டி அசைந்ததும் அந்தச் சின்னப் பாதங்கள் அந்த மூடியின் மேல் இடம் மாறி உட்கார்ந்தன.

"நிறுத்துங்க!"

அவள் போட்ட சத்தத்தில் கீழ்த்தளம் முழுக்க எதிரொலித்தது. ஓடிப்போய்க் கதவைத் திறந்து மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். "இறங்கு. முதல்ல இறங்கு நீ."

"ஏம்மா? நான் இப்ப என்ன பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணலடா. சைக்கிளும் உரசல, ஒண்ணும் உரசல. எல்லாம் நான் பண்ணினது." அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிய வீட்டுக்காரரைப் பார்த்து, "இந்த வண்டில ஏர்பேக் இல்லைங்க. ரெண்டு பக்கமும் இல்ல. நீங்க கப்பல்ல இருந்தப்ப நான் இடிச்சிட்டேன். வெடிச்சிடுச்சு" என்றாள்.

இரட்டையரில் ஒன்று சிணுங்க, தங்கை அதைத் தோளில் போட்டுத் தட்டினாள்.

அவர் வண்டியின் முன்பக்கம் போனார். பானெட்டின் மேல் கையை வைத்தார். "எங்க இடிச்சே? எதுல? சேஸிஸ் ஏதாவது வளைஞ்சிருக்கா?"

வாத்தியாரின் கை தானாகத் தன் முட்டிக்குப் போனது. இந்த முறை யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"இதைத்தாங்க கேப்பீங்கன்னு தெரியும்" என்றாள் அவள். "அதான் சொல்லல."

அவர் அவளைப் பார்த்தார், மகளின் வெறுங்காலைப் பார்த்தார், திறந்து கிடந்த முன்கதவைப் பார்த்தார். பானெட்டிலிருந்த கையை எடுத்துக்கொண்டார். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சாவியை இறுக்கிப் பிடித்தபடி நின்றார்.

"உனக்கு..." என்றார். "உனக்கு எங்க அடிபட்டுச்சு?"

பெல்ட் அழுத்திக் கருநீலமாகக் கன்றியிருந்த இடத்தில், தோளிலிருந்து நெஞ்சுக்குக் குறுக்கே, அவள் கையை வைத்துக் காட்டினாள். அவர் வீட்டில் இல்லாத அத்தனை இரவும் புரண்டு படுக்க முடியாமல் கிடந்த இடம் அது.

"இங்க" என்றாள். "இப்ப ஆறிடுச்சு."