எஃபோசியின் குரலும் எட்டு ஜிபியும்

என் புருஷன் எஃபோசிக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. தொண்டையில் புற்றுநோய். மறுநாள் டுவாலா நகரத்து ஆஸ்பத்திரியில் குரல்வளையை எடுக்கப்போகிறார்கள். இவன் பூயா ஊரில், மொலிக்கோ பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து, நிரல் கோப்புகளை ஓடும் மென்பொருளாகக் கட்டிக்கொண்டிருந்தான்.

அவன் பேச்சைப் பதிவு செய்து கொடுத்தால், பிறகு தட்டச்சு செய்வதையெல்லாம் அவன் குரலிலேயே பேசும் மென்பொருள் அது. ராட்சச அளவு. எங்கள் பழைய லேப்டாப்பில் எட்டு ஜிபி நினைவகம்தான். பல கோப்புகளை ஒரே சமயத்தில் கட்டினால் நினைவகம் தீர்ந்துவிடும். உடனே, எது அதிகம் தின்கிறதோ அதைக் கணினியே கொன்றுவிடும். ஒவ்வொரு முறையும் செத்தது கட்டுமானம்தான்.

வாரக்கணக்கில் கரண்ட் இழுத்தடித்து அன்றைக்குத்தான் ஒழுங்காக வந்தது. ஒவ்வொரு கோப்பாகக் கட்டச் சொன்னான். கட்டிய துண்டுகளைக் கடைசியில் இணைப்பதற்கும் நினைவகத்தைக் குறைவாகத் தின்னும் கருவியைப் போட்டான். ஹார்ட் டிஸ்க் வட்டில் மிச்சமிருந்த இடத்தையெல்லாம் நினைவகத்துக்குத் துணையாக ஒதுக்கினான். கட்டுமானம் மெதுவாக நகர்ந்தது, ஆனால் சாகவில்லை. கெட்டிக்காரன்தான்.

அது ஓடும்போதே, அதே லேப்டாப்பில் குரலைப் பதிவு செய்கிறேன் என்றான். சேமிக்க வட்டில் இடம் ஏது என்று கேட்டேன்.

"கட்டி முடிஞ்சா இடம் திரும்பக் கிடைக்கும்டி. அதுவரைக்கும் நினைவகத்துல கிடக்கட்டும்."

மத்தியானம் முழுக்க மைக் முன்னால் உரக்கப் படித்தான். என்னைக் கிண்டல் பண்ணும் வார்த்தைகளையும் சேர்த்துப் படித்தான். குரல் கம்மி, கீறி, கடைசியில் வெறும் காற்றுதான் வந்தது.

இணைக்கும் கட்டத்தில் நினைவகம் நிரம்பியது. திரையில் பதிவு ஜன்னல் மட்டும் பட்டென்று மூடிக்கொண்டது. கட்டுமானத்தை அவ்வளவு ஒல்லியாக்கி வைத்திருந்தான், பாவி. அங்கே அதிகம் தின்றுகொண்டிருந்தது அவன் குரல்தான். கணினி அதைக் கொன்றுவிட்டது.

கட்டுமானம் ஒரு பிழையும் இல்லாமல் முடிந்தது.

"பத்து வரி படிடா, போதும்" என்று கெஞ்சினேன். வாயைத் திறந்தான். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மறுநாள் கிளம்பும்போதும் வரவில்லை. பழைய வாட்ஸ்அப் குரல் செய்திகளைத் தோண்டினேன். எல்லாம் தெரு இரைச்சலுக்கு நடுவே "வந்துட்டேன்", "ரெண்டு நிமிஷம்". மென்பொருளுக்கு அது பத்தாது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்ததும் லேப்டாப்பைத் திறந்து ஏதோ தட்டினான். மென்பொருளோடு வந்த அந்நியக் குரல் ஒன்று, "நமோண்டோ" என்ற என் பெயரைக் கடித்துத் துப்பி, பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னது. லேப்டாப்பை மூடினேன்.

"எழுதிக் காட்டு, கையைக் காட்டு, என்னமோ பண்ணு. கண்டவன் என்னைக் கூப்பிட வேணாம்."

எஃபோசி அழுதான். அதற்கும் சத்தம் இல்லை.