முதுகில் உட்காராத அரசி

ஒத்திகையின் மூன்றாம் கிழமை யோகராணி காற்றில் உட்கார்ந்தாள். புலம்பெயர்ந்து வந்த மில்லிக்கனில் ஒரு கடைத்தொகுதிப் பிளாசாவின் மேல்மாடியில், கதிரை உயரத்தில், கால்களைத் தரையில் ஊன்றி நிமிர்ந்திருந்தாள். கீழே ஒன்றும் இல்லை. பார்த்தவர்கள் கொஞ்சம் திகைத்தார்கள். பிறகு தேத்தண்ணி ஆறிவிடும் என்று குடிக்கப் போனார்கள்.

எல்லாம் மயூரியின் முதுகால் வந்தது. நாடகம், நானூறு வருடங்களுக்கு முன் அங்கோலாப் பக்கம் ஆண்ட இன்சிங்கா அரசியைப் பற்றியது. யாழ்ப்பாணத்தைப் பிடித்த அதே போர்த்துக்கேயரோடு மோதியவள் என்பதால் இயக்குநர் மகேஸ்வரனுக்கு அவள்மேல் தனிப் பாசம். போர்த்துக்கேயத் தேசாதிபதி தான் கதிரையில் இருந்துகொண்டு அவளுக்குப் பாய் விரித்தானாம்; அவள் தன் பணிப்பெண்ணைக் குனியவைத்து, அந்த முதுகில் அமர்ந்து சரிசமமாகப் பேசினாளாம். பணிப்பெண் வேடத்துக்கு மயூரியைத் தவிர யாரும் வரவில்லை. வெயார்ஹவுஸில் பெட்டி தூக்கித் தூக்கி முதுகில் ஒப்பரேஷன் செய்தவள். வேடம் போய்விடும் என்று பயந்து அதை யோகராணிக்கு மட்டும் சொல்லியிருந்தாள்.

“ஒரு பொம்பிளையின்ர முதுகிலை நான் இருக்க மாட்டன் அண்ணை,” என்றாள் அரசி வேடம் கிடைத்த யோகராணி.

“சரித்திரத்தை மாத்த ஏலாது தங்கச்சி. இருக்க விருப்பமில்லையெண்டால் வேற ஆளைப் பாக்கிறன்.”

சனம் எழும்பிப் போய்விடும் என்று அரசிக்கு ஓர் அழுகைக் காட்சியைச் சொந்தமாக எழுதிச் சேர்த்தவரும் இதே மகேஸ்வரன்தான். யோகராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வேறொருத்தி வந்தால் முழுப் பாரத்தோடும் உட்காருவாள். வேடத்தை விடாமல் உட்காரப்போனாள். முதுகுக்கு நாலு விரல் மேலேயே காற்று அவளைத் தாங்கியது. மயூரியை நகர்த்திவிட்டும் பார்த்தார்கள், தாங்கியது. ஆனாலும் கீழே ஒரு முதுகு தெரிய வேண்டும் என்று மகேஸ்வரன் பிடிவாதமாக நின்றார்.

அரங்கேற்றத்தன்று பொன்னாடைகளும் பேச்சுகளும் முடிந்து திரை விலக இரண்டு மணிநேரம் பிந்தியது. தேசாதிபதி வேடத்தில் மகேஸ்வரன் கதிரையில் இருந்தார். மயூரி குனிந்தாள். இன்றைக்குக் காற்று கைவிட்டால் இவள் முதுகு என்னாகும் என்று யோகராணி பாரத்தைக் காலில் ஊன்றிக்கொண்டாள். மெல்ல உட்கார்ந்தாள். காற்று தாங்கியது.

பாரத்துக்காகக் கண்ணை மூடிக் காத்திருந்த மயூரி, அது இன்றைக்கும் வராததால் தலையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு விலகி எழும்பினாள்.

“குனி பிள்ளை,” என்று மகேஸ்வரன் பல்லைக் கடித்தார்.

“ஏன் குனிய வேணும்? அக்கா விழேல்லையே,” என்று மண்டபம் முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டு, மயூரி அரசிக்குப் பக்கத்தில், அதே உயரத்தில், ஒன்றுமில்லாததில் உட்கார்ந்தாள். யோகராணிக்கு அழுகை வந்தது. அது எழுதிவைத்த அழுகை அல்ல. தேசாதிபதி இருவரிடமும் சமாதானம் பேசினார்.

அடுத்த வருட நாடகத்துக்குக் கதிரை எத்தனை என்று மண்டபத்தார் கேட்டபோது, மகேஸ்வரன் தனக்கு மட்டும் ஒன்று போதும் என்றார்.