'போச்சு' சொல்லக் கூடாது

சாப்பிட்ட தட்டுகளை அவர் கழுவிக் கொடுக்க, மனைவி துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அன்றன்று வேலையில் செய்த தவறுகளைப் பற்றிப் பேசுகிற நேரம் அது. அந்தப் பேச்சுக்கு ஒரே ஒரு சட்டம்தான்: எதுவும் 'போச்சு' என்று முடியக் கூடாது. மணமான புதிதில் ஒரு கோப்பையைக் கீழே போட்டுவிட்டு, "உடைஞ்சுபோச்சு" என்றார் அவர். "அதுவா உடைஞ்சுக்கிச்சா? பாவம், அதுக்கு என்ன மனக்கஷ்டமோ!" என்றாள் அவள். நர்ஸ் வேலை பார்ப்பவள். "எங்க வார்டுல வந்து போச்சுன்னு சொல்லிப் பாருங்க, சொந்தக்காரங்க எல்லாம் அழ ஆரம்பிச்சிடுவாங்க." அன்றிலிருந்து 'கெட்டுப்போச்சு' என்பதைக் 'கெடுத்துட்டேன்' என்றும், 'விட்டுப்போச்சு' என்பதை 'விட்டுட்டேன்' என்றும் சொல்லிப் பழகினார்கள். விளையாட்டாக ஆரம்பித்ததுதான். இப்போது அதைப் பேசாமல் படுத்தால் இருவருக்கும் தூக்கம் பிடிப்பதில்லை.

"ஒரு தாத்தா தண்ணி கேட்டாரு. இதோ வரேன்னு போனவ மறந்துட்டேன்," என்றாள் அவள். "அப்புறம் குடுத்தேன். ஆனா அவரு ரெண்டாவது தடவை கேக்கவே இல்லை, அதான் உறுத்துது. சரி, உங்களுது?"

அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற வேலை. புதுக் கண்ணாடி போட்டு முகம் சுளிப்பவர்களிடம் எல்லாம் "பழகிடும்" என்று சொல்லிச் சொல்லி, கடையில் அவருக்குப் 'பழகிடும் அண்ணன்' என்றே பெயராகிவிட்டது.

"எனக்கு இன்னைக்கு ஒண்ணும் இல்லை. ஒரு பஸ் டிரைவர் வந்தாரு. பழைய காலத்து வட்ட ஃபிரேம். தரை ஒரு பக்கமா மேல வருதேன்னாரு. நாளைக்குக் காலையில டிப்போல கண் டெஸ்ட்டாம். தேறலேன்னா ஸ்டீயரிங்கைப் பிடுங்கிக்கிட்டு துடைப்பத்தைக் குடுத்துருவாங்கன்னு சிரிச்சாரு. அதுக்குள்ள பழகிடும்னேன்."

"எது பழகிடும்? லென்ஸா, துடைப்பமா?"

அவர் சிரிக்க வாயெடுத்தார். சிரிப்பு வரவில்லை. குழாய்த் தண்ணீர் தன் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. பழைய கண்ணாடியோடு அந்த டிரைவர் உள்ளே வந்த முகம் நினைவுக்கு வந்தது. தடித்த கண்ணாடிக்குப் பின்னால் இடது கண் மட்டும் சின்னதாகத் தெரிந்தது. புதுக் கண்ணாடியோடு கிளம்பியபோது சின்னதாகத் தெரிந்தது எந்தக் கண்? வலது. மற்ற ஃபிரேம்களில் இடது லென்ஸ் வலப்பக்கம் உட்காராது. வட்டத்துக்கு அந்த ரோஷம் கிடையாது, எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். லென்ஸ் இரண்டையும் துடைத்து வைத்தபோது யாரோ கூப்பிட்டார்கள், திரும்பிப் பதில் சொன்னார். அங்கேதான்.

டிரைவரின் நம்பர் கேட்டு முதலாளிக்குப் போன் செய்தார். நம்பர் பூட்டிய கடைக்குள் இருந்தது. "இதுக்கா இப்பிடிப் பதறுற? அவரா வந்தா, கம்பெனியிலேயே மாறிப்போச்சுன்னு சொல்லிக்கலாம்ப்பா. விடு."

சின்ன ஸ்க்ரூ டிரைவரை அவர் சட்டைப்பையில் போடுவதை மனைவி பார்த்தாள்.

விடிந்ததும் டிப்போவுக்குப் போனார். டாக்டர் அறைக்கு எதிரே நின்ற ஒரு பஸ்ஸின் படியில் டிரைவர் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும், "வாங்கண்ணே! ராத்திரி பூரா போட்டுக்கிட்டே உக்காந்திருந்தேன். பழகவே மாட்டேங்குது. உங்க மேல தப்பில்ல, என் கண்ணு ஒரு மக்கு," என்றார்.

"இல்லைங்க, அது மாறிப்..." என்று நாக்கு வழக்கமான பள்ளத்தில் இறங்கப் பார்த்தது. இழுத்து நிறுத்தினார். "மாத்திட்டேன். ரெண்டு லென்ஸையும் நான்தான் இடம் மாத்திப் போட்டுட்டேன்."

டிரைவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தார். "விடிய விடிய என் கண்ணைத் திட்டிக்கிட்டிருந்தேன், தெரியுமா?"

"இனிமே என்னைத் திட்டுங்க."

"நல்லாவே திட்டுவேன். இப்ப நேரமில்ல, மொதல்ல திருகுங்க!"

ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு படியில் கைக்குட்டையை விரித்தார். கடுகளவு திருகாணி விரலுக்கு அடங்காமல் இரண்டு முறை நழுவியது. டிரைவர் இரண்டு உள்ளங்கைகளையும் குவித்துக் கீழே ஏந்திக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல் நின்றார். கடைசிச் சுற்று இறுகவும் உள்ளிருந்து கூப்பிடவும் சரியாக இருந்தது. கண்ணாடியை மாட்டியவர் தரையை ஒரு முறை பார்த்தார், காலால் ஒரு தட்டுத் தட்டினார், உள்ளே போனார்.

கதவு மூடிக்கொண்டது. டிரைவர் உட்கார்ந்திருந்த அதே படியில் அவர் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் உள்ளே குரல் கேட்டது. "ப... ட... ம..." பெரிய எழுத்துகளாக இருக்க வேண்டும். அடுத்து கொஞ்சம் சின்னவை. அவருடைய உதடுகளும் சத்தமில்லாமல் கூடவே அசைந்தன. ஓர் இடத்தில் குரல் நின்றது. கைக்குட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பிறகு குரல் அடுத்த வரிக்கு இறங்கியது.