வீரையா செத்த வருசம்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. சோலையம்மாள்தான் என் தலையில் கட்டினார். சாயல்குடிக்காரர், எண்பதைத் தாண்டியவர். இராமநாதபுரத்தில் பசிபிக் போரைப் பற்றி நான் பேசிய கூட்டத்துக்கு வந்தவர், முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எங்கய்யா வீரையா, நான் வயித்துல இருக்கப்பவே பட்டாளத்துக்குப் போயிட்டாரு. சிங்கப்பூர்ல சப்பான்காரன் புடிச்சு நியூகினிக்குக் கப்பலேத்திட்டானாம். அம்புட்டுத்தான் வந்த தாக்கல். ஒரு கதை எழுதி அவரை முடிச்சு விடுங்க தம்பி. ராமேஸ்வரத்துல திதி குடுத்துட்டு நானும் போயிர்றேன்.”

“ஆடி அமாவாசைக்குக் கொடுத்திருக்கலாமே?”

“சாவுச் சேதியே வராதவருக்கு எப்படிக் குடுக்க?”

2

முதல் தொடக்கம்: ‘1944இல், நியூகினிக் காட்டில், காய்ச்சலோடு மண் சுமந்துகொண்டிருந்த வீரையா மடங்கி விழுந்தபோது—’

“நிப்பாட்டுங்க” என்றார் சோலையம்மாள். (வாக்கியம் அப்படியே கிடக்கட்டும். வரலாறு என்னவோ இந்தப் பக்கம்தான் சாய்கிறது. அங்கே கொண்டுபோகப்பட்ட இந்தியக் கைதிகள் பசியிலும் நோயிலும் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள்.)

“அப்ப எங்கம்மா?”

அம்மா நாகலெட்சுமி கடைசிவரை தாலியைக் கழற்றவில்லை. வளைகாப்பு வீடுகளில் சிலர் முகம் சுளித்தாலும் முதல் ஆளாக வளையல் போடுவார். 1987இல் அவர் இறந்தபோது மஞ்சள் பூசி, பூ வைத்து, பெரிய பொட்டிட்டு, கட்டுக்கழுத்தியாகவே அனுப்பிவைத்தார்கள்.

“நாப்பத்துநாலுலயே அவரு போயிட்டாருன்னா, அம்மாவுக்கு நான் வச்ச பொட்டு பொய்யில்லையா? செத்தவ நெத்தியில கை வைக்காதீக.”

3

சரி, வாழவைப்போம். போர் முடிந்தது. வீரையா நியூகினியிலேயே ஒரு மீனவக் கிராமத்தில் ஒதுங்கினார். அங்கே ஒரு பெண். [பிள்ளைகள்? யோசிக்க வேண்டும்.] 1988இல் நல்ல சாவு.

பொட்டு தப்பித்துவிட்டது என்று பெருமையோடு வாசித்துக் காட்டினேன். சோலையம்மாளின் முகம் சுண்டிப்போயிற்று.

“அப்ப, வர முடிஞ்சும் வரலையா?”

“பழசெல்லாம் மறந்துபோச்சுன்னு வச்சுக்கலாமா?”

“சினிமாவுலயா?”

தாயைக் காப்பாற்றப் போய், ஒரு கிழவியிடமிருந்து தகப்பனைப் பிடுங்கிவிட்டேன். எழுதாமலே இருந்திருக்கலாம்.

4

தை அமாவாசை, அக்னி தீர்த்தக் கரை. ‘பொம்பளை கொடுக்கிறதா?’ என்று முனகிவிட்டுப் புரோகிதர் ஒத்துக்கொண்டார்.

“எந்த வருசம் தவறினார்?”

சோலையம்மாள் கையில் எள்ளை வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“அம்மா, அய்யா ரெண்டு பேருல ஒருத்தரை நான் விட்டுக்குடுக்கணும். எனக்கு வாய் வரல தம்பி. நீங்க சொல்லுங்க.”

எனக்கும் வரவில்லை. பின்னால் வரிசை நீள்கிறது, புரோகிதர் அவசரப்படுத்துகிறார். இவ்வளவு தூரம் எங்களோடு வந்துவிட்டீர்கள். சோலையம்மாளின் காதருகே குனிந்து நீங்களே ஒரு வருசத்தைச் சொல்லுங்கள். சொல்லும்போது அவர் முகத்தை மட்டும் பார்க்காதீர்கள்.