ஆறாம் பாகம்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, வளைகுடா நாட்டு அப்பாசியாவின் நாலாம் மாடி ஃபிளாட் ஒன்றில், அன்றைய விழாப் பேச்சில் 'ஒடுக்கப்பட்ட பெண்ணின் மௌனம்' என்ற இடத்தில் எங்கே நிறுத்தி மூச்சு வாங்குவது என்று பிரபாவதி கண்ணாடி முன் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மூன்றாவது மணியில் அவளே வந்து எடுத்தாள். வேலைக்காரி ராக்கம்மா போனைத் தொடக் கூடாது என்பது வந்த முதல் நாளே சொன்னது. அதற்கப்புறம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ராமநாதபுரத்திலிருந்து ராக்கம்மாவின் மருமகன். "மேடம், தங்கத்துக்கு விடியக்காலம் ஆம்பளப் புள்ள பொறந்துச்சு. புள்ள நல்லாருக்கு. இவளுக்குத்தான் ரத்தம் நிக்க மாட்டேங்குது. ஆத்தா ஆத்தான்னு அனத்துறா. அத்தைய எப்படியாச்சும் அனுப்பிவிடுங்க மேடம்."

பிரபாவதி பதறினாள். நடிப்பல்ல, கண் நனைந்தேவிட்டது. "கவலைப்படாதீங்க, நான் சொல்லிடறேன்" என்று வைத்தாள். சமையலறையில் ராக்கம்மா இருபது பேருக்குக் கேசரி கிளறிக்கொண்டிருந்தாள். உடனே சொல்லாதது கேசரிக்காக இல்லை. வெள்ளிக்கிழமை டிராவல்ஸ்காரன் சாயங்காலம்தான் கடை திறப்பான். அதுவரைக்கும் பாவம் அவளை அழவைத்து என்ன ஆகப்போகிறது? வாசிப்பு வட்டக் கூட்டம் ஒரு மணிக்கு முடிந்துவிடும். நிதானமாக, பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லலாம். உட்காரவைத்து என்று நினைத்தபோது தன் மேலேயே அவளுக்கு ஒரு மரியாதை வந்தது.

மகளுக்குத் தலைப்பிரசவம், உடம்பில் ரத்தம் கம்மி என்று ராக்கம்மா ஒரு மாதமாக லீவு கேட்டுக்கொண்டிருந்தாள். "ஆண்டு விழா முடியட்டும் ராக்கம்மா" என்பது பதில். அவள் பாஸ்போர்ட் பிரபாவதியின் படுக்கையறை அலமாரியில் பட்டுப்புடவைகளுக்குக் கீழே இருந்தது. பத்திரத்துக்காக வாங்கி வைத்தது, நாலு வருடமாகப் பத்திரமாகவே இருந்தது.

அப்பாசியா மகளிர் வாசிப்பு வட்டம் அந்த வருடம் எடுத்துக்கொண்டது, அமெரிக்காவின் தெற்கே வெள்ளைக்காரர் வீட்டில் துணி வெளுத்துப் பிள்ளை வளர்க்கும் கறுப்பினப் பெண்ணொருத்தியைப் பற்றிய மொழிபெயர்ப்பு நாவல். அவளுக்கு பஸ்ஸில் பின் இருக்கை, தண்ணீருக்குத் தனிக் குழாய், ஆஸ்பத்திரிக்குத் தனி வாசல். மெட்ராஸிலிருந்து வந்தது ஒரே பிரதி. பிரபாவதியின் கணவர் முத்துராமன் ஆபீஸ் மெஷினில் அதை ஜெராக்ஸ் எடுத்து, ஆறு பாகமாகக் கிளிப் போட்டுக் கொடுத்தார். வெயிலில் உறுப்பினர்கள் நடப்பதில்லையாதலால் பாகங்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்து வாங்கி வந்தவள் ராக்கம்மா. ஆறாம் பாகம் மட்டும் சுற்றுக்குப் போகவில்லை. முடிவை விழாவில் தலைவி பிரபாவதியே வெளியிடுவாள் என்று ஏற்பாடு.

'படிப்பவர் ஒவ்வொருவரும் பக்க ஓரத்தில் பென்சிலால் கருத்து எழுத வேண்டும்' என்று நோட்டீஸும் போயிருந்தது. அதையும் வீடு வீடாகக் கொடுத்தவள் ராக்கம்மாதான். பாகங்கள் திரும்பி வந்தபோது ஒரே ஒரு கைதான் எழுதியிருந்தது. எழுத்து சாய்வாக, சின்னதாக இருந்தது. முன்னாள் தமிழ் விரிவுரையாளர் மீனாம்பாள்தான் எழுதியிருக்க வேண்டும் என்று பிரபாவதி முடிவு செய்தாள். பேச்சுமொழியில் எழுதியிருந்ததுதான் ஆதாரம். வட்டார வழக்கு இப்போது இலக்கியத்தில் நாகரிகம் என்று அவள் பத்திரிகையில் படித்திருந்தாள். மீனாம்பாளோ லீவில் ஊருக்குப் போய்விட்டாள், திரும்ப இரண்டு மாதம் ஆகும். எனவே அந்தக் கருத்துகள் தலைவியின் கருத்துகள் ஆயின. நாவலைப் படிக்கத்தான் நேரம் வாய்க்கவில்லை.

பதினொன்றரைக்கு ஹால் நிரம்பியது. வரவேற்புரை, வாழ்த்துரை, முத்துராமனின் ஜெராக்ஸ் சேவைக்கு நன்றி எல்லாம் ஆன பிறகு பிரபாவதி எழுந்தாள். 'மௌனம்' என்ற இடத்தில் சரியாக மூச்சு வாங்கினாள். பிறகு பாகங்களை விரித்து, "படிக்கும்போது எனக்குத் தோன்றியவை" என்று ஓரத்தில் இருந்ததை வாசித்தாள்.

கறுப்புப் பெண் பஸ்ஸின் பின்பக்கம் நடக்கும் பக்கம்: "மொத நாளு மட்டுந்தான் சொல்லுவாக. அப்புறம் காலுக்கே தெரிஞ்சுபோகும்."

எஜமானி சர்ச்சில் ஏழைகளுக்காக அழும் பக்கம்: "இந்தம்மா கெட்டவுக இல்ல. அழுதது நெசமாத்தான் இருக்கும். அதுதான் வெவகாரமே."

கை தட்டினார்கள். திருமதி ஸ்ரீகாந்த் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாள். கீழே பக்காலா என்ற மளிகைக்கடை வைத்திருக்கும் சுஐபின் மனைவி, கீழக்கரை சப்ரீனா, தட்டவில்லை. அவள் சமையலறை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே காபி டிரேயோடு ராக்கம்மா நின்றாள். நின்றவள் முகத்தில், கூட்டத்தில் தன் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்களோ என்று திகைக்கிறவளின் சாயல்.

கைதட்டலின் சூட்டில் பிரபாவதி ஒத்திகையில் இல்லாத ஒரு பக்கத்தைத் திருப்பினாள். ஐந்தாம் பாகத்தின் கடைசி. மகள் பிரசவ வலியில் கிடக்கிறாள் என்று தந்தி வந்து, அந்தப் பெண் கறுப்பர் பெட்டியில் ரயிலேறும் இடம். அதற்குக் கீழே நெருக்கமாக நாலு வரி.

"ஆறாம் பாகம் அம்மா அலமாரியில இருக்கு. பட்டுச்சேலைக்கு அடியில, என் பாசுபோட்டுக்குப் பக்கத்துல. தூசி தட்டயில பாத்தேன், எடுத்துப் படிக்கல. இவ மக மொகத்த..."

குரல் அங்கே நின்றது.

"அடடா, அலமாரி! என்ன அருமையான குறியீடு!" என்றாள் திருமதி ஸ்ரீகாந்த்.

"குறியீடெல்லாம் இல்லங்க, அலமாரிதான்" என்றாள் சப்ரீனா. "பென்சில் எம்மவனோடது. மாடிப்படியில ஒக்காந்து படிச்சுக்கிட்டிருந்தாக, நாந்தான் குடுத்தேன்."

யாருக்கும் கேசரி இறங்கவில்லை. எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வீட்டு வேலை ஞாபகம் வந்தது. வாசலில் செருப்பு தேடும் சத்தம் அடங்கும்வரை பிரபாவதி சோபாவிலேயே இருந்தாள். கடைசியாகக் கிளம்பிய சப்ரீனா மட்டும் சமையலறை வாசலில் நின்று, "ராக்கம்மாக்கா, நல்லா எழுதியிருக்கிய" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"உனக்குப் படிக்கத் தெரியும்னு சொல்லவே இல்லையே?"

"எட்டாப்பு வரைக்கும் படிச்சேம்மா. நீங்க கேக்கலியே." ராக்கம்மா டிரேயை வைக்கவில்லை. "எழுதுனது தப்பாம்மா? எல்லாரும் எழுதணும்னுதான நோட்டீசுல இருந்துச்சு?"

பிரபாவதி எழுந்து படுக்கையறைக்குப் போனாள். புடவைகளைத் தூக்கி, ஒரு கையில் பாஸ்போர்ட்டும் மறு கையில் ஆறாம் பாகமுமாக வந்து ஹால் நடுவில் நின்றாள். மெஷினிலிருந்து வந்தபடியே இருந்த தாள்கள். ஒரு முனைகூட மடங்கியிருக்கவில்லை.

ராக்கம்மா தாள்களைத்தான் முதலில் பார்த்தாள். "அந்தப் பொம்பள போயிச் சேந்தாளாம்மா? மக மொகத்தப் பாத்தாளா?"

பிரபாவதிக்குத் தெரியாது. காகிதத்தைப் புரட்டினால் தெரியும், புரட்டக் கை வரவில்லை. "உட்காரு ராக்கம்மா" என்றாள். ராக்கம்மா சோபாவைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், நின்றுகொண்டே இருந்தாள்.

"ராக்கம்மா, காலையில உங்க ஊர்லேருந்து..."

போன் அடித்தது.

நீண்ட நீண்ட மணி, வெளிநாட்டிலிருந்து வரும்போது அடிப்பதுபோல. பிரபாவதியின் இரண்டு கையும் நிறைந்திருந்தன. ராக்கம்மாவின் டிரேயில், யாரும் எடுக்காத காபியின் மேல் ஆடை கட்டியிருந்தது. அவளிடமிருந்து போன் மூன்றடி தூரத்தில் இருந்தது. அவள் அதையே பார்த்தாள். டிரேயில் இருபது டம்ளரும் ஒன்றோடொன்று மோதி ஒலித்தன. சமையலறை நிலைக்கு உட்புறம் கால் இரண்டும் சேர்ந்தே நின்றன.

மணி அடித்துக்கொண்டிருந்தது.