முப்பதடி தள்ளி ஒரு குருவி வீடு

…முட்டை போடவா என்றுதான் கேட்டேன். காலை ஐந்தரை மணி, அடுக்களையில் நானும் கொரினும் மட்டும், அவள் கையில் காபி, என் கையில் கரண்டி, சொல்வதற்கு அதைவிடத் தோதான நேரம் இனி வாய்க்கப் போவதில்லை, அப்படியிருந்தும் வாயில் வந்தது முட்டை. ரெண்டு போதும் என்றாள், ரெண்டு போட்டேன், சாப்பிட்டாள், பந்தயக் காரை வண்டிக்குப் பின்னால் பூட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டாள். இப்போது மணி ஏழே முக்கால். அவள் தட்டில் மஞ்சள் கரு காய்ந்து ஒட்டியிருக்கிறது, நான் அதைக் கால் மணி நேரமாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். எட்டரைக்கு முதல் ஒத்திகை ஓட்டம். ஜன்னலுக்கு வெளியே வைக்கோல் வயல், வயலுக்கு அந்தப் பக்கம் பந்தயத் தடம் ஏறி இறங்கும் பாதிரி மேடு. பாதிரி யாரும் அங்கே இருந்ததில்லை, அதன் உச்சியில் எல்லா ஓட்டுநருக்கும் கடவுள் நினைப்பு வந்துவிடுவதால் அந்தப் பெயர். வயலுக்கு இந்தப் பக்கம் என் கொல்லை, கொல்லையில் நெட்டைக் கம்பம், கம்பத்தின் மேல் வெள்ளை வெளேரென்று குருவி வீடு, பன்னிரண்டு அறை, அறைக்கொரு குடும்பம். இருக்க வேண்டிய இடத்திலிருந்து முப்பதடி தள்ளி.

கொரினுக்கு டூபியூக் நகரத்தில் பல் சுத்தம் செய்கிற வேலை. ஆறு வருஷமாக ஜூன் மாதப் பந்தயத்தில் ஓட்ட இங்கே வந்து என் பின்னறையில் தங்குகிறாள், ஐம்பத்திரண்டு வயது, புருஷன் வருவதில்லை, ஏன் வருவதில்லை என்று நான் ஆறு வருஷமாகக் கேட்டும் பதில் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தடம் முழுக்க நடப்பாள், நானும் கூடவே நடப்பேன். எனக்குத் தடத்தில் என்ன வேலை? யார் யாரோடு வந்திருக்கிறார்கள் என்று ஒருத்தி பார்த்து வைக்க வேண்டாமா? மற்றவர்கள் கையில் பீரோடு ஊர்வலம் போவார்கள், இவள் குனிந்து ரோட்டை ஈறு மாதிரி விரலால் தடவுவாள், இங்கே சிமெண்ட் ஒட்டு, மழையில் வழுக்கும், இங்கே பள்ளம், வலது சக்கரம் விழும், எல்லாம் நோட்டுப் புத்தகத்தில் ஏறும். பாதிரி மேட்டில் மட்டும் ஒரே வரி. ஏறும்போது வானத்தைத் தவிர ஒன்றும் தெரியாது, ரோடு தெரிவதற்கு முன்னால் என் குருவி வீடு தெரியும், காரின் மூக்கை அதற்கு நேரே வைத்துவிட்டால் உச்சி தாண்டும்போது கார் சரியான இடத்தில் இருக்கும். முதல் வருஷம் அதை அவள் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை, தேவாலயத்தில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டேன், என் வீட்டுக் குருவிகளை நம்பித்தான் பந்தயமே ஓடுகிறது என்று.

நேற்று இடி மின்னல். தடத்தில் யாரையும் நடக்க விடவில்லை. வழக்கமான வெள்ளிக்கிழமை மீன் வறுவல், பக்கத்து வீட்டு லவோன் உருளைக்கிழங்கு சாலட் கொண்டுவந்திருந்தாள், சாப்பாடு முடிகிற நேரத்தில் கொரின் தன் தட்டைத் துடைத்து ஸ்டியரிங் மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நடக்க முடியலைன்னா என்ன, தலைக்குள்ள ஓட்டிப் பாத்துக்கறேன் என்று கடிகாரத்தை என்னிடம் தந்தாள். "யாரும் பேசாதீங்க. ஆர்டிஸ், முக்கியமா நீங்க பேசாதீங்க." கண்ணை மூடினாள். தட்டு இப்படியும் அப்படியும் திரும்பியது, கால் மேஜைக்கடியில் மிதித்தது, உதடு முணுமுணுத்தது… இடது, ஒட்டு இருக்கு, பொறு, பொறு, இப்ப மிதி… பாதிரி மேடு, ஏறுது, ஒண்ணும் தெரியல, வானம், ஆர்டிஸ் குருவி வீடு, மூக்கை அதுக்கு நேரா வை, விடாதே, ஒண்ணு, பிரேக், வலது… கடிகாரத்தை நிறுத்தினேன். போன வருஷம் நிஜமாக ஓட்டியதற்கும் இதற்கும் ஒரே ஒரு நொடி வித்தியாசம். கை தட்டினேன். லவோன் தட்டவில்லை, தட்டில் இருந்த மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள், முள்ளே இல்லாத மீனில். நான் கை தட்டியதற்குப் பதில் நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம், கம்பத்தை ஏப்ரலில் நகர்த்திட்டேன் கொரின். சொன்னால் ஏன் என்று கேட்பாள். எதிரில் லவோன்.

ஏன் என்றால்… ஊருக்குச் சொன்னது, மேப்பிள் மரத்து நிழல் குருவிகளுக்கு ஆகாது. நிஜம், இந்தக் கழுவுதொட்டி ஜன்னலில் நின்று பார்த்தால் குருவி வீடு லவோன் வீட்டு மாடி ஜன்னலைக் கச்சிதமாக மறைத்தது. மார்ச் மாதத்திலிருந்து அவள் வாசலில் ஒரு பச்சை பிக்கப் வண்டி நிற்கிறது, தேவாலயப் பாட்டுக் குழுவில் தடித்த குரலில் பாடுகிற மெர்ல் என்பவருடைய பிக்கப், அவர் பெண்டாட்டி இறந்து ஒன்றரை வருஷம், லவோனின் புருஷன் போய் மூன்று வருஷம், மாடியில் விளக்கு எரிகிறது, பக்கத்து வீட்டுக்காரி என்று ஒருத்தி எதற்கு இருக்கிறேன்? அப்படிக் கம்பத்தை நகர்த்தி நான் கண்டது என்ன? ஒரு நாள் மெர்ல் பல்பு மாற்றினார். ஒரு நாள் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, கழுத்தில் துண்டு கட்டி, அவள் முடி வெட்டிவிட்டாள், காதுக்குப் பின்னால் ஒட்டிய முடியை வாயால் ஊதிவிட்டாள். அவ்வளவுதான். அதற்காகவா முப்பதடி?

முப்பதடி இங்கே. அங்கே எவ்வளவு? அடுக்களை மேடையில் உப்பு ஜாடியை மேடாகவும் கரண்டியைக் கம்பமாகவும் வைத்து நூல் பிடித்துப் பார்த்தேன், மேடு தாண்டின இடத்தில் ஏழெட்டு அடி வருகிறது, இடது பக்கம். ஏழெட்டு அடியில் தார் முடிந்து புல், நேற்றைய மழை குடித்த புல், அதற்கப்பால் சுவர். முந்தின வருஷம் இல்லினாய்க்காரன் ஒருவன் அதில் கணுக்காலை உடைத்துக்கொண்டான், அந்தச் சத்தத்தில் குருவிகள் ஒரு நாள் முழுக்க வீடு திரும்பவில்லை. கம்பம் இல்லாமலே போயிருந்தாலும் பரவாயில்லை, அடையாளத்தைக் காணோம் என்று மிதியிலிருந்து காலை எடுத்து வேகத்தைக் குறைத்துவிடுவாள். இது அதே வெள்ளை, அதே உயரம், வா வா என்று தப்பான இடத்துக்குக் கூப்பிடுகிறது. நாலு தடவை போன் போட்டாகிவிட்டது, அணைத்து வைத்திருக்கிறாள், ஓட்டும் நாளில் அப்படித்தான். காரில் போனால் நாலு மைல் சுற்று, தடத்து வாசலில் சனிக்கிழமை வரிசை. ஆறு மணிக்கே கிளம்பியிருந்தால் போய்ச் சேர்ந்திருக்கலாம். ஆறு மணிக்கு என்ன செய்துகொண்டிருந்தேன்? பச்சை பிக்கப் ராத்திரி போனதா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எட்டு ஐந்து. தட்டைப் போட்டுவிட்டுக் கொல்லைக்கு ஓடினேன், கயிற்றை அவிழ்த்துக் குருவி வீட்டைத் தரைக்கு இறக்கினேன், பன்னிரண்டு குடும்பமும் என் தலைக்கு மேல் வந்து வசவு, சரி, வையுங்கள். கொட்டகையிலிருந்து ஏணி, அலமாரியிலிருந்து வெள்ளைப் படுக்கை விரிப்பு, அதை வைக்கோல் வாரியின் கம்பில் கட்டி, பழைய இடம் எது, இங்கேதானே, புல் மூடிவிட்டது, ஏணியை விரித்து, குருவி வீட்டுக்குப் பதில் அந்தத் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினேன். அறுபத்தெட்டு வயது, முழங்கால் இரண்டும் தனித்தனியாகப் புலம்பின. ஏணி ஆடியது, ஆடினது நின்றது. கீழே பார்த்தால் லவோன், வீட்டு அங்கியோடு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

"என்னடீ பண்றே?"

"துணி காயப் போடறேன்."

"வைக்கோல் வாரியிலயா?" திரும்பித் தன் மாடி ஜன்னலைப் பார்த்தாள். பிறகு, "இறங்கு. ஏணியை இந்தப் பக்கம் ரெண்டடி தள்ளணும். உன் கம்பம் இருந்தது இங்க இல்ல. என் மாடி ஜன்னலுக்கு நட்ட நடுவுல நின்னுச்சு."

இறங்கினேன். தள்ளினோம். ஏறினேன். மேட்டுக்குப் பின்னால் இரைச்சல் கிளம்பியது. முதல் சுற்று மெதுவாகத்தான் விடுவார்கள், ஒவ்வொன்றாக உச்சியில் முளைத்தன, நீலம், மஞ்சள், மூன்றாவது கொரினின் கருஞ்சிவப்பு, அதன் மூக்கு நேராக என் நெஞ்சைப் பார்த்தது, பார்த்தபடியே வந்து, வலது பக்கம் ஒடிந்து, மறைந்தது. மூச்சு விட்டேன். விட்ட பிறகுதான் உறைத்தது, நட்ட நடுவில் என்று சொன்னாளே, அப்படியென்றால் ஏப்ரலிலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டு மீன் சாப்பிட வந்தாள், சாலட் கொண்டுவந்தாள், கொரின் கண்ணை மூடிக் குருவி வீடு என்றபோது முள்ளில்லாத மீனில் முள் எடுத்தாள். அவளும் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேள்வி வரும், வந்தால் பச்சை பிக்கப் மேஜைக்கு வரும். தன் மானத்துக்காகவா, அல்லது, கடவுளே, என் மானத்துக்காகவா?

"மத்தியானம் அவ சாப்பிட வருவா," என்றாள் கீழேயிருந்து. "எதுக்கு ஏணி மேல நின்னீங்கன்னு கேப்பா."

"நீ என்ன சொல்லப் போறே?"

"நானா? என் குருவியா அது?"

இரண்டாவது சுற்றும் சரியாகப் போனது. மூன்றாவதில் வேகம் கூட்டுவார்கள். சொல்லிவிட வேண்டும், மத்தியானம் முதல் வேலை அதுதான், ஏன் என்று கேட்டால் அதையும் சொல்லிவிட வேண்டும், லவோன் இருந்தாலும், இல்லாவிட்டாலும், லவோன் இல்லாதபோது சொல்வது இன்னும் எளிது, ஆனால் அது புறம்பேச்சாகிவிடும்… ஏணி உச்சியிலிருந்து பார்த்தால் அந்த மாடி ஜன்னல் இவ்வளவு தெளிவாகத் தெரியும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே. திரை விலகியிருந்தது. உள்ளே மெர்ல், பனியனோடு, கையில் கோப்பை, பின்கழுத்தில் முடி மறுபடி வளர்ந்துவிட்டது, ஆக பிக்கப் ராத்திரி போகவில்லை, அப்படியானால் அது பின் கொட்டகையில்தான்…

"ஆர்டிஸ்," என்றாள் லவோன், நிமிர்ந்து பார்க்காமலே. "துணி சாயுது."

மேட்டுக்குப் பின்னால் இரைச்சல் ஏறிக்கொண்டிருந்தது. நிமிர்த்தினேன். எவ்வளவு நேரமாகச் சாய்ந்திருந்தது என்று தெரியவில்லை.